தோற்கிற இளம் அணியோடு எப்படி இருப்பது? ஃபூட்டி கேள்வி பதில்

ஃபூட்டி, அதாவது ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலின் 18 அணி லீகில், மெல்பர்னைச் சேர்ந்த ரிச்மண்ட் அணி 2024-ல் இரண்டே ஆட்டம் ஜெயித்துக் கடைசி இடத்தில் முடித்தது. 2025-ல் ஐந்து வெற்றி, பதினேழாவது இடம். "இன்னும் எத்தனை நாள் இப்படி?" என்ற ஒரே கேள்வியைத்தான் பல பேர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் 2010-லிருந்து இந்த மஞ்சள் கறுப்பு அணியின் பின்னால் போகிறவன். பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (கிளென் வேவர்லி): அண்ணா, போன வருடம்தான் முதன்முதலாக மெம்பர்ஷிப் எடுத்தேன். எல்லாரும் 'ரீபில்ட்' என்கிறார்கள். அப்படியென்றால் என்ன, எத்தனை வருடம் ஆகும்?

பதில்: தம்பி, 2017, 2019, 2020 என்று மூன்று கோப்பை வாங்கிய அணிக்கு வயதாகிவிட்டது. 2024-ல் டஸ்டின் மார்ட்டின் ஓய்வு பெற்றார். அந்த சீசன் முடிந்ததும் ஷாய் போல்டன், டேனியல் ரியோலி, லியாம் பேக்கர் மூவரும் வேறு அணிகளுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பதிலாக ரிச்மண்ட் வாங்கியது டிராஃப்ட் பிக்குகள். பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள்தான் டிராஃப்ட். அதில் ஒரு முறைதான் ஒரு பிக். கடைசியில் முடித்த அணிக்கு முதல் முறை. அந்த வருடம் முதல் 23 பேரில் ஆறு பேரை ரிச்மண்டே எடுத்தது. முதல் ஆள் சாம் லாலர்.

பழைய வீட்டை இடித்து, அஸ்திவாரம் மட்டும் போட்டு வைத்திருக்கிறோம். மழை பெய்தால் நனையத்தான் வேண்டும்.

டேமியன் ஹார்ட்விக் 2010-ல் கோச்சாக வந்தபோது முதல் ஒன்பது ஆட்டமும் தோல்வி. கோப்பை வந்தது 2017-ல். பிரிஸ்பேன் லயன்ஸ் 2017-ல் கடைசி இடம், 2019-ல் இரண்டாம் இடம், 2024-லும் 2025-லும் கோப்பை. ஹாத்தார்ன் 2023-ல் பதினாறாவது. அடுத்த வருடம் முதல் ஐந்து ஆட்டமும் தோற்றுவிட்டு ஃபைனல்ஸுக்குள் (சீசன் முடிவில் முன்னணி அணிகள் கோப்பைக்கு மோதும் சுற்று) நுழைந்து, அரையிறுதியில் போர்ட் அடிலெய்டிடம் மூன்றே புள்ளியில் விழுந்தது. ஆகவே ஃபைனல்ஸ் வாசனைக்கே மூன்று நான்கு வருடம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கோப்பைக்கு நாள் குறித்துத் தர யாராலும் முடியாது.

கேள்வி (டாண்டினாங்): ஒவ்வொரு வாரமும் தோல்வி. ஜெயித்தோமா தோற்றோமா என்பதை விட்டால் வேறு எதைப் பார்ப்பது?

பதில்: நல்ல கேள்வி. பொறுமை என்பது கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பது என்று நான் நினைக்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் காத்திருப்பது தன்னால் எளிதாகும்.

முதலில் பெர்சென்டேஜ். நாம் அடித்த புள்ளிகளை எதிரணி அடித்த புள்ளிகளால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது; நூறு என்றால் சரிசமம். பிரிஸ்பேன் 2017-லும் ஐந்து வெற்றிதான், 2018-லும் ஐந்து வெற்றிதான். 2018-ல் முதல் எட்டு ஆட்டமும் தோல்வி வேறு. அதோடு பார்ப்பதை நிறுத்தியவர்களுக்கு ஒன்றுமே மாறவில்லை. ஆனால் பெர்சென்டேஜ் 74-லிருந்து 89-க்கு ஏறியிருந்தது. பெரிய அடிகளெல்லாம் சின்னத் தோல்விகளாகிவிட்டன. அடுத்த வருடம் அந்த அணி 16 ஆட்டம் ஜெயித்தது.

அப்புறம் மூன்றாவது குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் நாலு பகுதிகளில் மூன்றாவது. இளம் அணி பெரும்பாலும் பாதி ஆட்ட இடைவேளைக்குப் பிறகுதான் சரியும். பத்து நிமிடத்தில் நாலு கோல் வாங்கிவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடம் ஆறு நிமிடமானால் எனக்கு அது ஒரு வெற்றி.

இன்னொன்று டிவியில் அவ்வளவாகத் தெரியாது, கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தெரியும். போன குளிர்காலத்தில் ஒரு மதியம், நம் டிஃபெண்டர் பையன் ஒருவனை எதிரணியின் பெரிய ஃபார்வர்ட் தோளால் தள்ளிவிட்டுப் பந்தைப் பிடித்தார். கோல். ஐந்து நிமிடத்தில் அதே மாதிரி இன்னொன்று. மூன்றாவது முறை பந்து உயரே வந்தபோது பையன் பக்கத்தில் போய் முட்டவில்லை. ஒரு அடி பின்னால் நின்று, ஓடி வந்து குதித்து, முஷ்டியால் பந்தை எல்லைக்கு வெளியே குத்திவிட்டான். அந்த ஆட்டத்தில் நாங்கள் நன்றாகத் தோற்றோம். எனக்கு நினைவிருப்பது அந்தக் குத்துதான்.

கேள்வி (கிரேகிபர்ன்): பெரிய பிக் கொடுத்து எடுத்த பையன்கள் பந்தையே தொடுவதில்லை, பாதி நேரம் காயம். வீணாகப் போன பிக் என்று என் நண்பன் சொல்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் நண்பரிடம் மெல்பர்ன் டீமன்ஸ் கதையைச் சொல்லுங்கள். 2014 டிராஃப்டில் இரண்டாவது பிக்காக எடுத்த கிறிஸ்டியன் பெட்ராக்காவுக்கு, முதல் ஆட்டம் ஆடும் முன்பே பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2015 முழுக்க ஆடவில்லை. அப்போது 'வீண்' என்று எழுதியிருந்தால்? 2021 கிராண்ட் ஃபைனலின் (கோப்பைக்கான இறுதி ஆட்டம்) சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அந்தக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் மேக்ஸ் கான், 2009 டிராஃப்டில் 34-வது பிக். ரக் (நடுவில் உயரே வரும் பந்துக்குக் குதிக்கும் இடம்) ஆடுகிற உயரமான பையன்கள் நிமிரவே வருடங்கள் ஆகும். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் அணிக்குள் அவர் முதலில் வந்தது 2016-ல்.

அதே அணியில் வருத்தமான கதையும் உண்டு. ஜாக் வாட்ஸ் 2008-ல் முதல் பிக். 2009-ல், ராணியின் பிறந்தநாள் ஆட்டத்தில், கூட்டம் நிறைந்த எம்சிஜி (மெல்பர்ன் கிரிக்கெட் கிரவுண்ட்) மைதானத்தில் காலிங்வுட்டுக்கு எதிராக அவரை முதன்முதலாக இறக்கினார்கள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எதிரணிப் பெரியவர்கள் சேர்ந்து அவரைத் தரையோடு அமுக்கினார்கள். அன்றிலிருந்து 'முதல் பிக்' என்ற சுமையை அவர் தலையிலிருந்து யாரும் இறக்கவில்லை. 2017 முடிவில் வேறு அணிக்குப் போனார். கோப்பை வந்தபோது அவர் அங்கே இல்லை. அந்தப் பையன் மேல் பாய்ந்த கூட்டத்தில் நாமும் ஒருவராக இருக்க வேண்டாம் என்பது என் ஆசை.

பதினெட்டு வயது உடம்பு முப்பது வயது உடம்போடு மோதுகிறது. இரண்டு மூன்று கோடைக்காலம் எடை தூக்கி, ஓடி, நன்றாகச் சாப்பிட்டு வந்தால்தான் அந்த மோதல் சமமாகும். காயமும் அந்தக் கணக்கில் அடக்கம். ஐம்பது ஆட்டம் ஆகும்வரை நான் யாருக்கும் மார்க் போடுவதில்லை.

கேள்வி (பாயின்ட் குக்): கோச்சை மாற்றினால் சீக்கிரம் சரியாகுமா?

பதில்: இப்போதைய கோச் ஆடம் யேஸ் வந்தது 2024-ல்தான், விடுங்கள். 2016 கடைசி ஆட்டத்தில் ரிச்மண்ட் சிட்னியிடம் 113 புள்ளியில் தோற்றது. ஹார்ட்விக்கை அனுப்பச் சொல்லி ஊரே கத்தியது. கிளப் அவரை வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த உதவி கோச்சுகளை மாற்றியது. அடுத்த வருடம் 37 ஆண்டு கழித்துக் கோப்பை.

கேள்வி (டார்னீட்): என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் எல்லாரும் காலிங்வுட். திங்கட்கிழமை கேலி செய்கிறார்களாம். போன மாதம் ஸ்கார்ஃபை அலமாரிக்குள் போட்டுவிட்டான். அணி மாறச் சொல்லலாமா?

பதில்: அக்கா, படிக்கும்போதே மனசு கஷ்டமாகிவிட்டது. மாறச் சொல்லாதீர்கள், மாறாதே என்று கட்டாயமும் படுத்தாதீர்கள். ஒன்று செய்து பாருங்கள். மொத்த அணியையும் விட்டுவிட்டு ஒரே ஒரு ஆட்டக்காரரை அவன் தேர்ந்தெடுக்கட்டும், இளையவராக. ஒரு நோட்டில் ஒவ்வொரு வாரமும் அவர் எத்தனை தடவை பந்தை எடுத்தார், எத்தனை டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது) என்று எழுதட்டும். என் மகள் அப்படித்தான் எழுதுகிறாள். அணி 60 புள்ளியில் தோற்ற ஒரு ராத்திரி, காரில் வரும்போது, "அப்பா, இன்னைக்கு ஏழு டேக்கிள், போன வாரம் மூணுதான்" என்றாள். அவள் குரலில் தோல்வியே இல்லை.

பயிற்சிக்கு ரசிகர்களை விடும் நாட்களில் கூட்டிப் போங்கள். இளம் ஆட்டக்காரர்கள் நின்று பேசுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். ஸ்கார்ஃப் தானாக வெளியே வரும்.

கேள்வி (பிரெஸ்டன்): பெரிய அடி வாங்கும்போது மூன்றாவது குவார்ட்டரோடு கிளம்பினால் தப்பா?

பதில்: ரயிலைப் பிடிக்க வேண்டும், குழந்தை தூங்குகிறது என்றால் போங்கள். கோபத்தில் மட்டும் போகாதீர்கள். 2025 முதல் சுற்றில் கார்ல்டன் எங்களைவிட 41 புள்ளி முன்னால் இருந்தது. லாலருக்கு அது முதல் ஆட்டம். என் வரிசையில் இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கடைசியில் ரிச்மண்ட் 13 புள்ளியில் ஜெயித்தது. எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், முன்பின் தெரியாதவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அந்த வருடம் மிச்சமிருந்த 22 ஆட்டத்தில் நாலுதான் ஜெயித்தோம். அந்தக் கைப்பிடியை வைத்துத்தான் அத்தனையையும் தாண்டினேன்.

கேள்வி (ரிங்வுட்): பொறுமை பொறுமை என்றே சொல்கிறீர்கள். எப்போதுதான் கோபப்படலாம்?

பதில்: படலாம், படவும் வேண்டும். டிராஃப்ட் பிக் குவிந்தால் மட்டும் அணி வளராது. கார்ல்டன் 2005, 2006, 2007 என்று மூன்று வருடம் தொடர்ந்து முதல் பிக் எடுத்தது. அதில் கோப்பை வரவில்லை. மெல்பர்ன் டீமன்ஸும் நல்ல நல்ல பிக்குகளைக் குவித்து வைத்திருந்தபோதுதான், 2011-ல் ஜீலாங்கிடம் 186 புள்ளியில் தோற்றது. கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் பெரியவர்கள் போதாமல் போனால் பையன்கள் தோற்கவே பழகிவிடுவார்கள். பிரிஸ்பேன் இதைப் புரிந்துகொண்டுதான், ஹாத்தார்னில் நாலு கோப்பை வாங்கிய லூக் ஹாட்ஜை 2018-ல் கூட்டி வந்தது.

மூன்றாவது வருடமும் பெர்சென்டேஜ் நகரவில்லை, நன்றாக வளர்ந்த பையன்கள் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு அணி தேடுகிறார்கள், தோற்கும்போது யாரும் யாரையும் கைதூக்கி எழுப்புவதில்லை என்றால் கிளப்புக்குக் கடிதம் எழுதுங்கள், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மெம்பருக்கு அந்த உரிமை இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றும் ரிச்மண்டில் இன்னும் எனக்குத் தெரியவில்லை. 2026-க்கான மெம்பர்ஷிப்பை நானும் மகளும் புதுப்பித்தாயிற்று. அவள் புது நோட்டும் வாங்கிவிட்டாள்.