சீனக்குடாவிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு: ஓர்பிட்டரில் சந்திப்புக் கணக்கு

கேள்வி: ஓர்பிட்டர் என்ற விண்வெளிப் பறப்பு சிமுலேட்டரில், திருகோணமலையின் சீனக்குடா விமான நிலையம் இருக்கும் இடத்தில் நானே ஓர் ஏவுதளம் அமைத்து, அட்லாண்டிஸ் ஷட்டிலை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப் பார்க்கிறேன். சுற்றுப்பாதைக்கு ஏறிவிடுகிறேன். ஆனால் பாதையின் கோணத்தைத் திருத்தும்போதே எரிபொருள் தீர்ந்துவிடுகிறது. கோணத்தை விட்டுவிட்டு, நிலையத்தை நோக்கி மூக்கைத் திருப்பி எஞ்சினை இயக்கினால் அது இன்னும் விலகிப் போகிறது. எங்கே பிழை?
உயர்தர மாணவர், உப்புவெளி

பதில்: தம்பி, உங்களுடைய இரண்டு சிக்கலும் நேரம் தவறுவதால் வருபவை. முதலாவது ஏவுதளத்திலேயே தொடங்கிவிடுகிறது. அங்கிருந்தே பார்ப்போம்.

நிலையத்தின் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்தது. திருகோணமலை இருப்பது ஏறத்தாழ வட அகலக்கோடு 8.6 பாகையில். புவி சுழலச் சுழல, சீனக்குடா நாளுக்கு இரண்டு தடவை அந்தப் பாதையின் தளத்துக்கு நேர் கீழே வந்துபோகும். ஒருமுறை வடகிழக்காக வங்காள விரிகுடாவுக்கு மேலால் ஏவலாம். மறுமுறை தென்கிழக்காக, மட்டக்களப்புக் கரையோரமாக இந்து சமுத்திரத்துக்கு மேலால். திசைக்கணக்கு சுலபம். சாய்வின் கோசைனை அகலக்கோட்டின் கோசைனால் வகுத்தால் ஏவுதிசையின் சைன் கிடைக்கும். 39 பாகை வரும். புவிச் சுழற்சி இனாமாகத் தரும் வேகத்தைக் கழித்தால் வடக்கிலிருந்து கிழக்காக 36 பாகை. தென்கிழக்கு வாய்ப்புக்கு 144. அமெரிக்காவின் கென்னடி ஏவுதளத்துக்கு இது 43க்குக் கிட்ட வரும், அதனால் அங்கே பறக்கிறவர்களின் எண்ணை எடுத்து இங்கே போடாதீர்கள்.

திசையைவிட நேரம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. 4 நிமிடம் பிந்தினால் புவி 1 பாகை சுழன்றிருக்கும். உங்கள் பாதையின் தளத்துக்கும் நிலையத்தின் பாதைத் தளத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 0.8 பாகைக் கோணம் விழும். மேலே போய் அதைத் திருத்த செக்கனுக்கு 105 மீற்றர் வேகமாற்றம் வேண்டும். 200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 400க்கு ஏறவே மொத்தம் 116தான் தேவை! அரை மணித்தியாலம் பிந்தினால் 800ஐ நெருங்கும். உண்மையான ஷட்டிலில், சுற்றுப்பாதையில் பாதையை மாற்றப் பயன்படும் ஓஎம்எஸ் எஞ்சின்களுக்கு இருந்ததே செக்கனுக்கு ஏறத்தாழ 300 மீற்றர் வேகமாற்றத்துக்கான எரிபொருள். உங்கள் தாங்கி எங்கே வற்றியது என்பது இப்போது தெரிகிறதல்லவா? லோஞ்ச் எம்எஃப்டி என்ற துணை மென்பொருளைப் போட்டு, நிலையத்தை இலக்காகக் கொடுங்கள். ஏவவேண்டிய நேரத்தையும் திசையையும் அது காட்டும். அந்த நேரத்துக்கே கிளம்புங்கள்.

எவ்வளவு கவனமாக ஏவினாலும் கொஞ்சம் கோணம் மிஞ்சும். அதற்கு, இரு பாதைகளின் தளங்களையும் ஒன்றாக்க உதவும் அலைன் பிளேன்ஸ் திரை ஓர்பிட்டரில் இருக்கிறது. இரு தளங்களும் வெட்டும் புள்ளியில் மட்டும் எஞ்சினை இயக்குங்கள்: ஏறுகணுவில் (நிலையத்தின் தளத்தைத் தெற்குப் பக்கத்திலிருந்து வடக்குப் பக்கத்துக்கு நீங்கள் கடக்கும் புள்ளி) மூக்கு ஓர்பிட் மைனஸ் திசையில், அதாவது பாதைத் தளத்துக்குச் செங்குத்தாகத் தெற்குப் பக்கம்; இறங்குகணுவில் அதற்கு நேரெதிரான ஓர்பிட் பிளஸ் திசையில். ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. புவியின் வடிவத்தால் வரும் ஈர்ப்பு வேறுபாட்டை அமைப்பில் நீங்கள் இயக்கி வைத்திருந்தால், 200 கிலோமீற்றர் பாதையும் 400 கிலோமீற்றர் பாதையும் வேறு வேறு வேகத்தில் திரும்பும். ஒரு நாள் காத்திருந்தால் சுமார் 0.4 பாகைக் கோணம் தானாகவே சேர்ந்துவிடும். ஆகவே நீண்ட நேரம் துரத்த வேண்டியிருந்தால் கடைசித் திருத்தத்தைச் சந்திப்புக்குக் கிட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, விலகிப் போகும் நிலையம். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் செய்ததும் நீங்கள் செய்ததும் ஒன்றே. கழன்றுபோன தன் ராக்கெட்டின் மேற்பகுதியை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்தினார்; எரிபொருள் கரைந்ததே தவிர அது கிட்ட வரவில்லை. முன்னே இருப்பதை நோக்கி வேகம் கூட்டினால் உங்கள் பாதை உயரும். உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் பிடிக்கும். அப்புறம் எப்படி எட்டிப் பிடிப்பது? கீழே இருந்துதான். 400 கிலோமீற்றரில் ஒரு சுற்று 92.6 நிமிடம், 200இல் 88.5. ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட 16 பாகையை நீங்கள் எட்டிப் பிடிக்கிறீர்கள்.

கணக்கு இனி இப்படிப் போகும். 200இலிருந்து 400க்கு அரைச்சுற்றில் ஏற 45 நிமிடம். அதற்குள் நிலையம் 176 பாகை போய்விடும், நீங்கள் 180. ஆகவே நிலையம் 4 பாகை முன்னால், அதாவது ஏறத்தாழ 470 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும்போது எஞ்சினை இயக்க வேண்டும். பாதைக்கு ஏறியதும் அது 120 பாகை முன்னால் இருந்தால், 116ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏழு சுற்றுக்குச் சற்றே அதிகம், சுமார் பத்தே முக்கால் மணித்தியாலம். நேரத்தை நூறு மடங்கு வேகமாக்கினால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஏவும்போதும் வரைபடத் திரையில் நிலையம் எங்கே என்று பாருங்கள். நீங்கள் ஏறும் எட்டரை நிமிடத்தில் அது 33 பாகை ஓடிவிடும், நீங்களோ அதில் பாதிகூடப் போயிருக்க மாட்டீர்கள். அதனால் தலைக்கு மேல் வரும்போது ஏவினாலும் பின்னால்தான் நிற்பீர்கள், அது நல்லதுதான். சற்றுப் பின்னால் வரும் நிலையத்தைக் கீழ்ப்பாதையில் பிடிக்கப் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

ஏறிய பிறகு எஞ்சும் நேரப் பிழையை, இரு கலங்களும் ஒரே புள்ளிக்கு வரும் நேரங்களை ஒப்பிட்டுக் காட்டும் சிங்க் ஓர்பிட் திரையில் தீர்க்கலாம். சந்திக்கும் புள்ளிக்கு நீங்கள் வரும் நேரம் ஒரு நிரலிலும், நிலையம் வரும் நேரம் மற்ற நிரலிலும் இருக்கும். நிலையம் 66 செக்கன் முந்தி வருகிறது என்று வையுங்கள். அந்தப் புள்ளியில் பின்னோக்கிச் செக்கனுக்கு 10 மீற்றர் வேகம் குறைத்தால் சுற்று 22 செக்கன் சுருங்கும். மூன்று சுற்றில் சரி. ஒரே சுற்றில் முடிக்க 30 மீற்றர் வேண்டும், பாதையின் தாழ்புள்ளியும் நூறு கிலோமீற்றருக்கு மேல் இறங்கும். பொறுத்தால் எரிபொருள் மிஞ்சும்.

சந்திப்புப் புள்ளியை நெருங்கும்போது நிலையத்தைப் பொறுத்த உங்கள் வேகத்தைச் சுழியமாக்குங்கள். சில கிலோமீற்றருக்குள் வந்துவிட்டால் நேராகக் குறிவைத்து மெதுவாகப் போகலாம். அங்கே பாதை வளைவது பெரிதாகத் தெரியாது. உங்கள் கலத்தின் வானொலிக் கருவியில் நிலையத்தின் அலைவரிசைக்குப் பதிலாக, இணையப்போகும் வாயிலின் அலைவரிசையைக் கொடுங்கள். டொக்கிங் திரையில் அம்பு 12 மணித் திசையில் நிற்கும்வரை கலத்தை உருட்டுங்கள். பிறகு சிறு உந்திகளைச் சுழற்சியிலிருந்து நகர்வுக்கு மாற்றி, பக்கவாட்டு அசைவை முழுதாக நிறுத்தியபின்தான் முன்னேற வேண்டும். 2025 ஜனவரியில் இந்தியாவின் இஸ்ரோ, ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்தபோதுகூட 15 மீற்றரிலும் 3 மீற்றரிலும் நிறுத்தி நிறுத்தித்தான் நெருங்கினார்கள். நீங்களும் அப்படியே நிறுத்துங்கள், கடைசி 3 மீற்றரைச் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றருக்குள் கடந்து இணையுங்கள்.