மோர்ஸ், லூயிஸ், எண்டெவர்: எதை முதலில் பார்ப்பது?

வணக்கம். பிரிட்டிஷ் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரான ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ முதல் கதை மெதுவாகப் போனதால் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன், காலவரிசைப்படி, மோர்ஸின் இளமைக்காலத்தைச் சொல்லும் ‘எண்டெவர்’ தொடரை முதலில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம் என்பேன். வெளிவந்த வரிசையே நல்லது: மோர்ஸ் (1987–2000), மோர்ஸின் உதவியாளரை நாயகனாகக் கொண்ட லூயிஸ் (2006–2015), எண்டெவர் (2012–2023). எண்டெவரில் இளைஞன் மோர்ஸுக்குத் தந்தை போல இருக்கும் மேலதிகாரி ஃப்ரெட் தர்ஸ்டேவைப் பற்றி, வயதான மோர்ஸ் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஏன் பேசவில்லை என்பதற்கு எண்டெவரின் கடைசிக் கதையில் பதில் வரும். பழைய மோர்ஸோடு பழகியவருக்குத்தான் அது நெஞ்சில் இறங்கும். எண்டெவரில் பத்திரிகை ஆசிரியராக வரும் அபிகெயில் தா, மோர்ஸாக நடித்த ஜான் தாவின் மகள். அவர் வரும் காட்சிகளெல்லாம் எனக்கு மிகப் பிடிக்கும்.

மெதுவாகப் போவது உண்மைதான். ஒவ்வொரு கதையும் ஏறக்குறைய 100 நிமிடம். தூங்கப்போகும் முன் துண்டு துண்டாகப் பார்த்தால் பிடிபடாது. ஞாயிறு மதியம் சினிமா பார்ப்பது போல ஒரே மூச்சில் பாருங்கள். மோர்ஸ் அடிக்கடி தவறான ஆளைச் சந்தேகித்து, அப்புறம்தான் உண்மைக்கு வருவார்; பாதியில் நிறுத்தினால் அந்தச் சுவையே போய்விடும்.

ரத்தம் பார்க்க முடியாது என்றும் எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம், பிணத்தைக் கண்டால் மோர்ஸே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒவ்வொன்றும் தனிக்கதை என்பதால் முதல் கதை ஒட்டவில்லையென்றால் அடுத்ததற்குப் போங்கள். 2000இல் வந்த மோர்ஸின் கடைசிக் கதையை மட்டும் முன்னதாகப் பார்த்துவிடாதீர்கள். அதை முடித்த பிறகே லூயிஸைத் தொடங்குங்கள்.