சிக்குன்குனியா போய் ஏழு மாதம்: விரல் வீக்கத்துக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது?

கேள்வி: வயது 46. தென்காசிப் பக்கம், வீட்டிலேயே தையல் வேலை. ஏழு மாதத்துக்கு முன் காய்ச்சல் வந்தது, சிக்குன்குனியா என்றார்கள். காய்ச்சல் நாலே நாளில் போய்விட்டது, வலி போகவில்லை. காலையில் கை மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு கையிலும் சேர்த்து ஐந்தாறு விரல் மொளிகள் வீங்குகின்றன, கணுக்காலும்தான். வலி மாத்திரையில்தான் நாள் ஓடுகிறது. போன வாரப் பரிசோதனையில் ஈஎஸ்ஆர் 34, சிஆர்பி 4, ஆர்ஏ ஃபேக்டர் 22 (20 வரை நார்மல்), ஹீமோகுளோபின் 9.8. சிக்குன்குனியா ஐஜிஜி பாசிட்டிவ். ஐஜிஎம் பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை என்று இடையில் நிற்கிறது. ஒரு டாக்டர் முடக்குவாதம் என்கிறார். இன்னொருவர் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்கிறார். வீட்டில் "இன்னுமா சிக்குன்குனியா?" என்று கேட்கிறார்கள். நோய் இருக்கிறதென்று காட்ட ஒரு பரிசோதனைகூடவா இல்லை?

பதில்: இருக்கிறது. அதை உங்களுக்கு இன்னும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தவற்றில் பாதி, நீங்கள் கேட்காத கேள்விக்கு விடை சொல்கின்றன.

முதலில் ஐஜிஜி. ஒருமுறை சிக்குன்குனியா வந்தால் இந்த எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் ரத்தத்தில் இருக்கும். 2006 கொள்ளைநோயில் படுத்தவருக்கும் இன்று பாசிட்டிவ் வரலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-18இல் 15 மாநிலங்களில் 5 முதல் 45 வயதுக்காரர்களைப் பரிசோதித்தபோது, நாடு முழுக்க 18.1 சதவீதம் பேரிடமும் தென் மாநிலங்களில் 43.1 சதவீதம் பேரிடமும் இந்த ஐஜிஜி இருந்தது. நம் பக்கத்தில் ஐந்து பேரை வரிசையில் நிறுத்தினால் இரண்டு பேருக்குப் பாசிட்டிவ். அதை வைத்து இன்றைய வீக்கத்துக்குப் பெயர் சூட்ட முடியாது.

நோயின் தொடக்கத்தில் வரும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் சற்றே மேல். காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள் வாக்கில் தெரிய ஆரம்பிக்கும், பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மங்கும், சிலரிடம் அதற்குப் பிறகும் பல மாதம் இழுக்கும். ஏழாம் மாதத்தில் இரண்டுங்கெட்டானாக வரும் ஐஜிஎம் எதையும் நிரூபிக்காது. மறுபடி எடுப்பது பண விரயம். வைரஸையே தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு ஆயுள் இன்னும் குறைவு, முதல் ஒரு வாரம்தான். ஆகவே காய்ச்சல் நாட்களில் எடுத்த ரிப்போர்ட் வீட்டில் எங்காவது கிடந்தால் தேடி எடுங்கள். அப்போதே ஐஜிஎம் அல்லது பிசிஆர் பாசிட்டிவ் என்றால், இப்போது எடுக்கும் எந்த வைரஸ் பரிசோதனையையும்விட அந்தப் பழைய தாளுக்கு மதிப்பு அதிகம்.

வைரஸ் இன்னும் உடம்பில் இருக்கிறதா என்பதுதான் வீட்டுக்காரர்கள் கேட்பதன் உட்பொருள். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் ஒரு நோயாளியின் மூட்டு உள்ளுறையில், நோய் வந்து 18 மாதம் கழித்தும் வைரஸின் எச்சம் இருந்ததை 2010இல் பதிவு செய்தார்கள். கொலம்பியாவில் 38 பேரின் மூட்டுநீரைச் சுமார் 22 மாதம் கழித்து எடுத்துப் பார்த்தபோது வைரஸ் கிடைக்கவில்லை. அந்த ஆய்வு 2018இல் வந்தது. சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், வலி நீடித்தவர்களின் ரத்தத்தில் ஐஎல்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் கூடுதலாக இருந்தன. ஆகவே வைரஸ் உயிரோடு இல்லாமலே மூட்டு வீங்கிக்கொண்டிருக்க முடியும். பெண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், முதல் வாரத்தில் வலி கடுமையாக இருந்தவர்கள், ஏற்கெனவே மூட்டுக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரிடம் இப்படி நீளும் வாய்ப்பு அதிகம். மூன்று மாதம் தாண்டினாலே இதை நாள்பட்ட கட்டம் என்று மருத்துவம் கணக்கெடுக்கிறது. ஏழு மாதத்தில் "இன்னுமா?" என்று கேட்க எதுவும் இல்லை.

இனி அந்த எண்கள். ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள். ரத்தச் சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு வேகமாக இறங்குகின்றன என்பதுதான் ஈஎஸ்ஆர், அதற்கு வயதோடு ஏறும் எல்லை உண்டு. பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 46 வயதுக்கு அது 28. உங்களுடையது 34, கொஞ்சம் அதிகம். ஆனால் ஹீமோகுளோபின் 9.8 என்று ரத்தசோகை இருக்கும்போது ஈஎஸ்ஆர் தானாகவே ஏறும், ரத்தம் நீர்த்திருந்தால் அணுக்கள் குழாயில் வேகமாக இறங்கும். எனவே இந்த 34ஐ நம்பி எதுவும் சொல்ல முடியாது. சிஆர்பியில் வேறு ஒரு பொறி: அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்றால் நார்மல் (பல ஆய்வகங்களில் எல்லை 5 அல்லது 6). டெசிலிட்டருக்கு 4 என்று அச்சாகியிருந்தால் அது லிட்டருக்கு 40, கடுமையான அழற்சி. இரண்டு அளவிலும் ரிப்போர்ட் கொடுக்கும் ஆய்வகங்கள் உண்டு, அவசரத்தில் எண்ணை மட்டும் படித்துவிடுகிறார்கள். நார்மலாகவே இருந்தாலும் கவலை வேண்டாம். நாள்பட்ட சிக்குன்குனியா மூட்டில் வீக்கம் நன்றாகத் தெரிந்தும் சிஆர்பி சாதாரணமாக இருப்பது வழக்கம். சின்ன மூட்டுகளின் அழற்சி மொத்த ரத்தத்தில் கரைந்து அடையாளம் இழந்துவிடுகிறது.

ஆர்ஏ ஃபேக்டர் 22. பெயரில் ஆர்ஏ (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம்) இருப்பதால் வரும் குழப்பத்துக்கு அளவில்லை. வைரஸ் காய்ச்சல், காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி எல்லாவற்றிலும் இது லேசாக ஏறும். வயதானால் சும்மாவும் ஏறும். எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் 'உயர்ந்த பாசிட்டிவ்'. உங்கள் ஆய்வகத்தில் அது 60. நீங்கள் வாசற்படியில்தான் நிற்கிறீர்கள்.

ஆனாலும் முதல் டாக்டர் சும்மா சொல்லவில்லை. 2010இல் வந்த முடக்குவாத மதிப்பெண் முறையில் 10க்கு 6 வந்தால் முடக்குவாதம் என்று வகைப்படுத்தலாம். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நான்கு முதல் பத்துச் சின்ன மூட்டுகளுக்கு 3, லேசான ஆர்ஏ ஃபேக்டருக்கு 2, ஏறிய ஈஎஸ்ஆருக்கு 1, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்ததற்கு 1. மொத்தம் 7. ரத்தசோகை தந்த அந்த 1ஐயும், வைரஸே தந்திருக்கக்கூடிய அந்த 2ஐயும் கழித்தால் 4. அதனால்தான் இந்த முறையின் வாசலிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: வீக்கத்துக்கு வேறு பொருத்தமான காரணம் இருக்கக் கூடாது. கரீபியன் பகுதியில் சிக்குன்குனியா பிடித்து அமெரிக்கா திரும்பிய பத்துப் பேரை ஆராய்ந்தபோது எட்டுப் பேர் இந்த மதிப்பெண்ணில் முடக்குவாதமாகத் தேறினார்கள். நோய் அந்த அளவு ஒத்துப்போகிறது.

இரண்டையும் பிரிக்க அடுத்து எடுக்க வேண்டியது ஆன்டி சிசிபி, முடக்குவாதத்துக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. சிக்குன்குனியாவில் இது பெரும்பாலும் நெகட்டிவ். உயர்ந்த பாசிட்டிவாக வந்தால், காய்ச்சல் ஒரு மறைந்திருந்த முடக்குவாதத்தைக் கிளப்பிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை நடக்கும்.

நோய் இப்போது நடக்கிறதா என்பதற்கான நேரடிச் சான்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். வயிற்று ஸ்கேன் அல்ல. மூட்டுக்கென்று உயர் அதிர்வெண் ப்ரோப் வைத்து, மெல்லிய ரத்த ஓட்டத்தையும் காட்டும் பவர் டாப்ளரோடு பார்க்க வேண்டும். சீட்டில் வெறுமே 'கை ஸ்கேன்' என்று இருந்தால் கட்டி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள். இரு மணிக்கட்டு, இரு கை விரல் மொளிகள், இரு கணுக்கால், அவற்றைச் சுற்றிய தசைநார் உறைகள், உள்ளுறை வீக்கமும் டாப்ளர் ரத்த ஓட்டமும் 0 முதல் 3 வரை தர அளவோடு என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் டாப்ளர் 2 என்று ஒரு மூட்டுக்கு வந்தாலே, அங்கே அழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில் வாதம் இல்லை. சிக்குன்குனியாவில் மூட்டைவிடத் தசைநார் உறையில் நீர் கோப்பது அதிகம் தெரியலாம். தையல்காரருக்குக் கத்தரிக்கோல் பிடிக்கும்போது வலிப்பது அதனாலும் இருக்கலாம்.

இந்த ஸ்கேன் பொய்யாக நார்மல் காட்ட மூன்று வழிகள் உண்டு. ப்ரோபை அழுத்திப் பிடித்தால் மெல்லிய ரத்த ஓட்டம் நசுங்கி மறைந்துவிடும். தாராளமாக ஜெல் போட்டுத் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தாலும் ஓட்டம் குறையும், கையைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். மூன்றாவது மருந்து. கடந்த சில வாரங்களில் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். மூட்டுவலிக்கென்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு, சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். வலி மாத்திரையை ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எக்ஸ்ரேயில் முதல் ஆண்டில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் இரு கை, இரு பாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து எலும்பு அரிப்பு வந்ததா என்று ஒப்பிட அது வேண்டும்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு வாரம் வீட்டிலேயே அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுந்த நேரம், கை முழுதாக மடங்கிய நேரம்: இரண்டுக்கும் இடைவெளி அரை மணியைத் தாண்டினால் அது அழற்சியின் பக்கம் சாய்கிறது. எழுந்ததும் முஷ்டி மடக்கி, நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கை மடிப்புக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து சென்டிமீட்டரில் குறியுங்கள், மதியம் ஒருமுறை. வீக்கம் உள்ள நாளில் விடிகாலை வெளிச்சத்தில் இரு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். மருத்துவமனைக்குப் போகும் பதினோரு மணிக்கு வீக்கம் வடிந்திருக்கும், "ஒன்றுமில்லையே" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

பிடிவலுவுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. கையால் காற்றடிக்கும் பிபி கருவியின் பட்டையைச் சுருட்டிக் கட்டி, பாதரச அளவில் 20 மில்லிமீட்டருக்குக் காற்று ஏற்றி, நோயாளியை முடிந்தவரை கசக்கச் சொல்ல வேண்டும். முள் ஏறும் உச்சத்தைக் குறிக்கிறோம். மூன்று முறை செய்து சராசரி. டிஜிட்டல் கருவியில் இது நடக்காது. ஊர் செவிலியரிடம் மாதம் ஒருமுறை, அதே கருவியில், அதே நேரத்தில் செய்துகொண்டால் மருந்து வேலை செய்கிறதா என்று எண்ணாகவே தெரியும்.

டாக்டர் மூட்டுகளை எண்ணும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வழக்கமான 28 மூட்டுக் கணக்கில் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால் உண்டு. கணுக்காலும் பாதமும் கிடையாது. சிக்குன்குனியா அதிகம் தங்குமிடங்களில் கணுக்காலும் ஒன்று. செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.

ஸ்கேன் சுத்தமாக வந்தால் வலி பொய் என்று ஆகாது, தேடும் இடம் மாறும். ஹெச்பிஏ1சி (சர்க்கரை), டிஎஸ்ஹெச் (தைராய்டு), விட்டமின் டி, யூரிக் ஆசிட் பார்க்க வேண்டும். இரவில் விரல் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதா என்று நரம்புக் கடத்தல் பரிசோதனை. ஸ்கேன் எப்படி வந்தாலும் ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை அவசியம். அவை தாமாகவே மூட்டுவலி தரும், பின்னால் கொடுக்க நேரும் மருந்துக்கும் தடையாக நிற்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் எனக்கு அதிகக் கவலை தருவது: அந்த 9.8. ஏழு மாதம் வலி மாத்திரை சாப்பிட்டவருக்கு வயிற்றில் புண்ணாகிச் சொட்டுச் சொட்டாக ரத்தம் போவது நடக்கக்கூடியது. மலம் கறுப்பாகப் போகிறதா, மாதவிடாய் அதிகமா என்று டாக்டரிடம் சொல்லி, இரும்புச் சேமிப்புக்கு ஃபெரிட்டினும் சிறுநீரகத்துக்கு கிரியேட்டினினும் பாருங்கள். மலம் தார் போலக் கறுத்தால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அழற்சி உறுதியாகி, அதை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எழுதினால், அதற்கு முன் ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் எடுத்தாக வேண்டும்; கருத்தரிக்க வாய்ப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை டாக்டரின் கையாலேயே சீட்டில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.