போலீஸ் சோதனைக்கு வந்தால்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு வக்கீலின் பதில்கள்

போலீஸ் சோதனை என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "வாரண்ட் இருக்குதுங்களா?" என்பதுதான். ஈரோடு, கோபி, பவானி கோர்ட்டுகளில் இத்தனை வருடம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: "எடுத்த பொருளோட பட்டியல் நகல் கொடுங்க" என்று கேட்டவருக்குத்தான் பிறகு வழக்கில் பிடிமானம் இருந்திருக்கிறது. கீழே வரும் பிரிவு எண்கள், வேறு சட்டம் என்று சொல்லாத இடங்களில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எண்கள்.

கோபி வாசகர்: ராத்திரி பதினோரு மணிக்கு எஸ்.ஐ. ஒருத்தர் ரெண்டு போலீஸோட வந்து, "உங்க தம்பியைத் தேடறோம்"னு சொல்லி பீரோ லாக்கர் வரைக்கும் திறந்து பார்த்தாங்க. வாரண்ட் கேட்டா, "அதெல்லாம் வேண்டியதில்லை"னுட்டார். இது சரிங்களா சார்?

பாதி சரி. மாஜிஸ்ட்ரேட் கொடுக்கும் சோதனை வாரண்ட் பிரிவு 96-இல் வருகிறது. அது இல்லாமலும், வழக்கை விசாரிக்கும் அதிகாரி பிரிவு 185-இன்படி சோதனை போடலாம். ஆனால் வாரண்ட் வாங்கும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். அந்தக் காரணத்தையும், என்ன பொருளைத் தேடுகிறார் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் பதிய வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போயாக வேண்டும். நீங்கள் மனு போட்டால் மாஜிஸ்ட்ரேட் உங்களுக்கு அதை இலவசமாகத் தர வேண்டும். முதல் வேலையாக அந்த மனுவைப் போடுங்கள். அப்படி ஒரு பதிவே இல்லை என்று தெரியவந்தால், அதுவே உங்கள் புகாருக்கு ஆதாரம்.

கைது செய்ய வேண்டிய ஆளைத் தேடி வீட்டுக்குள் வரும் அதிகாரம் தனி. அது பிரிவு 44. ஆளைத் தேடுகிறவர் அறை, மாடி, சாளை எல்லாம் பார்க்கலாம். பீரோ லாக்கருக்குள் எந்தத் தம்பி ஒளிந்திருக்க முடியும்? அந்த இடத்தில்தான் எல்லை மீறியிருக்கிறார்கள். ராத்திரி வந்தது மட்டும் தப்பாகாது, பொதுச் சட்டத்தில் அப்படித் தடை இல்லை. கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்கில் மட்டும், பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 42 கூடுதல் நிபந்தனை வைக்கிறது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கதவில் குறுக்கே நின்று தள்ளுமுள்ளுக்குப் போகாதீர்கள். தப்பு அவர்கள் பக்கம் இருந்த வழக்குகூட அங்கே திரும்பிவிடுகிறது.

பெருந்துறை வாசகி: மாமனார் வீட்டுச் சோதனையில் என் நகையையும் சேர்த்து எடுத்துட்டாங்க. பட்டியலில் "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி 1"னு மட்டும் எழுதியிருக்குது. நான் கையெழுத்துப் போட்டுட்டேனுங்க.

அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பரிசோதிக்காமல் தங்கம் என்று எழுதக்கூடாது என்பதால் போலீஸ் அப்படித்தான் எழுதுவார்கள். என்னை உறுத்துவது எடை இல்லாததுதான். என் கட்சிக்காரர் ஒருவர் வீட்டிலும் இப்படி எடை எழுதாமல் எடுத்துப் போனார்கள். வெளியே வந்தபோது சங்கிலி இருந்தது, அதில் கோத்திருந்த டாலர் இல்லை. பட்டியலில் டாலர் என்ற சொல்லே இல்லாததால் அதற்காக எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்யாணத்துக்கு அம்முச்சி போட்ட டாலர் என்று அந்தப் பெண் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிரிவு 103 சொல்வதை மனதில் வையுங்கள். சோதனை முழுவதும் வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ கூடவே இருக்கலாம், வெளியே போகச் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இரண்டு பேராவது வேண்டும். பெண்ணின் உடலைச் சோதிப்பது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு பொருளும் எங்கே இருந்தது என்பதோடு பட்டியலில் வர வேண்டும்: "சாமி அறை, மர அலமாரி, மேல்தட்டு" என்கிற அளவுக்கு. நகல் அங்கேயே உங்கள் கைக்கு வர வேண்டும். புதிதாகச் சேர்ந்த பிரிவு 105-இன்படி, சாட்சிகள் கையெழுத்துப் போடுவது வரை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. எடை, டிசைன், வாங்கிய ரசீது, போட்டிருக்கும் போட்டோ எல்லாவற்றையும் வைத்து இன்றே மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நகையைத் திரும்பக் கேட்டு மனு போடுங்கள். கைப்பற்றிய பொருளை ஸ்டேஷனில் வருடக்கணக்கில் கிடக்க விடக்கூடாது, படம் எடுத்து, பாண்ட் (உறுதிப் பத்திரம்) வாங்கி உரியவரிடம் கொடுக்கலாம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

திருப்பூர், டீக்கடைக்காரர்: எதிர்க் கம்பெனியில சோதனைன்னு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, எழுதாத மகஜர் பேப்பர்ல கையெழுத்துக் கேட்டாங்க.

மகஜர் என்பது சோதனையில் நடந்ததைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு. வெற்றுத் தாளில் போடாதீர்கள். உங்கள் கண்முன் நடந்து, எழுதி, வாசித்துக் காட்டினால் போடுங்கள். எழுத்து மூலம் உத்தரவு கொடுத்துக் கூப்பிட்டால், காரணமில்லாமல் மறுப்பது குற்றம். கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்குமோ என்று தயங்க வேண்டாம், கோர்ட் சம்மன் அனுப்பினால் மட்டும் போனால் போதும்.

ஈரோடு வாசகர்: முறையில்லாம சோதனை போட்டு எடுத்த பொருள் கோர்ட்ல செல்லாதுன்னு சட்டம் படிக்கற பையன் சொல்றான். நெசமுங்களா?

இல்லை. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. பையன் சொல்வது அமெரிக்க நடைமுறை. நம் அரசியல் சட்டத்தில் அதற்கு நேரான பிரிவு இல்லை. 1954-இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் அதைத்தான் சொன்னார்கள். 1973-இல் பூரண் மல் வழக்கில், சோதனை முறைகேடாக இருந்தாலும் வழக்குக்குப் பொருத்தமான ஆதாரம் என்றால் கோர்ட் ஏற்கலாம் என்றார்கள். 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்து, அதற்கு எதிராக 1954 தீர்ப்பில் இருந்ததை நீக்கினார்கள். ஆனாலும் முறைகேடான சோதனையில் கிடைத்த ஆதாரத்தைத் தானாகவே தள்ளிவிடும் விதி இன்றுவரை நமக்கு வரவில்லை. வர வேண்டும் என்பது என் கட்சி.

முக்கியமான விலக்கு போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 50. உடலைச் சோதிக்கும் முன், "கெஜட்டட் அதிகாரி (அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி) அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னால் சோதிக்கக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உடலிலிருந்து எடுத்ததை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. கையில் இருக்கும் பைக்கு இது பொருந்தாது.

அதனால் பையனிடம் சொல்லுங்கள்: சாட்சி யாரும் இல்லை, வீடியோ எடுக்கவில்லை, பட்டியல் தரவில்லை என்பதெல்லாம் ஆதாரத்தின் நம்பகத்தைக் குலைக்கும். குறுக்கு விசாரணையில் நாங்கள் வேலை செய்வது அந்த ஓட்டைகளில்தான்.

கோவை, கல்லூரி மாணவர்: பைக்கை நிறுத்தி லைசென்ஸ் பார்த்தாங்க. அப்புறம் போன் லாக்கை எடுத்து வாட்ஸ்அப்பைக் காட்டச் சொன்னாங்க.

லைசென்ஸ் கேட்கலாம், டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். வழக்கு எதுவும் இல்லாமல் ரோட்டில் வைத்து வாட்ஸ்அப்பைத் துழாவ அவர்களுக்குப் பொது அதிகாரம் கிடையாது. "எந்த வழக்குக்குங்க சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். போனையே வாங்கிவிட்டால், அந்தப் போனுக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு எழுதி ரசீது கேளுங்கள்.

பல்லடம், விசைத்தறி உரிமையாளர்: வேற மாநில சைபர் போலீஸ் சொன்னாங்கன்னு பேங்க் என் கணக்கை முடக்கிட்டாங்க. நூல்காரருக்குப் பணம் கொடுக்க முடியலைங்க.

வங்கிக் கணக்கும் போலீஸ் கைப்பற்றக்கூடிய சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்லிவிட்டது. ஆனால் கைப்பற்றியதை உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த ஸ்டேஷன், என்ன புகார் எண், சந்தேகப்படும் தொகை எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சந்தேகத் தொகை கணக்கில் ஒரு பகுதியாக மட்டும் இருக்க, முழுக் கணக்கையும் முடக்குவதை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடச் சொல்லி மனு போடுங்கள்.

கருங்கல்பாளையம் சந்தைக்கு வரும் மாட்டு வியாபாரி: தேர்தல் சமயத்துல பறக்கும் படை பணத்தைப் பிடிச்சா?

ஐம்பதாயிரத்துக்கு மேல் கொண்டுபோனால் மாடு விற்ற சீட்டோ வங்கியில் எடுத்த சீட்டோ கையில் இருக்கட்டும். பிடித்தால் ரசீது வாங்குங்கள், மாவட்டத்தில் அதற்கென இருக்கும் குழுவிடம் முறையிடுங்கள். அவர்கள் எண்ணும்போது கூடவே நின்று, ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை என்று நோட்டு வாரியாக ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.