கணினி கேள்வி – பதில்: ‘கன்னியாகுமரி’ ‘குன்னியாகுமரி’ ஆவது ஏன்?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ் கடையும் டைப்பிங்கும் சேர்த்து நடத்துகிறேன். மனு, விண்ணப்பம் எல்லாவற்றையும் வேர்டில் பாமினி எழுத்துருவில்தான் அடிப்பேன். புதிய கணினி வாங்கிய பிறகு, வரியின் தொடக்கத்தில் ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்று அடித்தால் ‘குன்னியாகுமரி மாவட்டம்’ என்று மாறிவிடுகிறது. எழுத்துருவை நீக்கிவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. கணினியை ஃபார்மட் செய்ய வேண்டுமா, ஐயா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஃபார்மட் செய்யவே வேண்டாம். உங்கள் எழுத்துருவிலும் குறையில்லை. பாமினியில் நீங்கள் தமிழைப் பார்த்தாலும், வேர்டைப் பொறுத்தவரை அங்கே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. சிறிய எஃப் ‘க’ ஆகவும், பெரிய எஃப் ‘கு’ ஆகவும் தெரியும்படி அந்த எழுத்துரு வரையப்பட்டிருக்கிறது. ஆங்கில வாக்கியம் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதிப்படி, வேர்டின் ஆட்டோ கரெக்ட் வசதி உங்கள் சிறிய எஃப்பைப் பெரிய எஃப்பாகத் திருத்துகிறது, ‘க’ ‘கு’வாகிவிடுகிறது. இதே காரணத்தால்தான் வரித் தொடக்கத்தில் ‘அம்மா’ ‘ஆம்மா’ என்றும் ‘தமிழ்’ ‘துமிழ்’ என்றும் வரும்.

ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று வரிசையாகச் சென்று, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கு மேலே, சொல்லின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்தும் கட்டம் ஒன்று உண்டு, அதையும் எடுத்துவிடுங்கள். ‘குடும்பம்’ என்ற சொல் பாமினியில் இரண்டு பெரிய எழுத்துகளுடன் தொடங்குவதால், அந்தக் கட்டம் அதைக் ‘குடம்பம்’ ஆக்கக்கூடும். குடும்ப அட்டைக்கான மனுவில் இந்தப் பிழை கண்ணில் படாமல் போனால், கையெழுத்துப் போட்டவர்தான் அலைய வேண்டியிருக்கும்.

இது உடனடித் தீர்வு. ஆனால், இனி அடிக்கும் கோப்புகளையாவது, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடியுங்கள் என்று உங்களை வற்புறுத்தியே கேட்டுக்கொள்கிறேன். யூனிகோடில் தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாகவே பதிவாவதால், பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற சிக்கலே எழாது. கோப்புக்குள் தேடலாம், மின்னஞ்சலில் ஒட்டலாம், எழுத்துரு இல்லாத கணினியிலும் படிக்கலாம். தமிழக அரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையையும் 2010இல் யூனிகோடையும் ஏற்றுக்கொண்டது. 2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து தமிழ்99 விண்டோஸுடனேயே வருகிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகையாகத் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். எல்லையோர ஊர் என்பதால் மலையாளத்தில் அடித்துக் கேட்பவர்களும் உங்கள் கடைக்கு வரக்கூடும். அதையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். விரல்கள் பாமினிக்கே பழகிவிட்டன என்றால், அதே விசை அமைப்பில் யூனிகோட் அடிக்க உதவும் என்ஹெச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

கேள்வி: தோவாளையில் அப்பாவின் பூக்கடைக் கணக்கை எக்செல்லில் எழுதுகிறேன். மே 3ஆம் தேதியை 3/5 என்று போட்டால் மார்ச் 5 என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் 13ஆம் தேதிக்குப் பிறகு போட்டபடியே நிற்கிறது. ஏன்?
– வாசகி, தோவாளை

பதில்: உங்கள் விண்டோஸ் அமெரிக்க முறையில், அதாவது மாதத்தை முதலில் எழுதும் முறையில், அமைக்கப்பட்டிருக்கிறது. எக்செல் அதைத்தான் பின்பற்றுகிறது. 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால், 13/5 என்பதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. அவை போட்டபடியே நிற்பதால் சரியாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவையும் கணக்கில் சேராது. கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்பது தேதி, இடப்பக்கம் ஒட்டி நிற்பது எழுத்து என்று அடையாளம் காணலாம்.

செட்டிங்ஸில் நேரமும் மொழியும் உள்ள பகுதியில், ரீஜனல் ஃபார்மட் என்ற இடத்தில் ‘இங்கிலீஷ் (இந்தியா)’ என்று மாற்றி, எக்செல்லை மூடித் திறங்கள். இனி நாள் முதலில் வரும். தொகைகளும் 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளியோடு வரும்.

ஏற்கெனவே பதிந்தவை இதனால் தாமாகத் திருந்தா. முதலில் கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் நிற்கும் தேதிகளுக்குப் பக்கத்து நெடுவரிசையில் டேட் ஃபார்முலாவை எழுதி, அதற்குள் இயர், டே, மந்த் என்ற வரிசையில் அந்தக் கட்டத்தைக் கொடுத்தால் (தேதி A1 கட்டத்தில் இருந்தால், =DATE(YEAR(A1),DAY(A1),MONTH(A1)) என்று), நாளும் மாதமும் இடம் மாறிச் சரியாகும். இடப்பக்கம் நிற்பவற்றைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியலில் உள்ள டெக்ஸ்ட் டு காலம்ஸ் வழியாக, நாள்–மாதம்–ஆண்டு முறையில் தேதியாக்குங்கள். பண்டிகை நாட்களின் விற்பனையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட நினைத்தால், தள்ளிப்போடாமல் இதை இப்போதே செய்துவிடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். திரையில் எழுத்து சிறிதாகத் தெரிவதால் அளவு 20 வைத்து அடிக்கிறேன். அச்சிலும் அப்படியே பெரிதாக வந்துவிடுகிறது.
– வாசகி, தக்கலை

பதில்: அம்மா, எழுத்தின் அளவை 12க்கே கொண்டுவந்துவிட்டு, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸின் சக்கரத்தை உருட்டுங்கள். திரையில் மட்டும் பெரிதாகும், அச்சு மாறாது. மற்ற இடங்களிலும் பெரிதாக வேண்டுமென்றால், டிஸ்ப்ளே பகுதியில் ஸ்கேல் அளவை 125 சதவீதமாக்குங்கள். ரெசல்யூஷனை மட்டும் குறைக்காதீர்கள். எழுத்து மங்கிக் கண்ணை இன்னும் வருத்தும்.

கேள்வி: மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது. அடித்ததெல்லாம் அழிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், குலசேகரம்

பதில்: வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்ற இடத்தில், மீட்பு விவரத்தைப் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும்படி வைத்திருப்பார்கள். அதை 2 நிமிடமாக்குங்கள். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரெ ஆபீஸிலும் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ் பகுதியில் இதே வசதி உண்டு. ஆனால் இது சேமிப்புக்கு ஈடாகாது. புதிய கோப்பைத் திறந்தவுடனே, ஒரு வரி அடிப்பதற்கு முன்பே, பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பத்தி முடிவிலும் கன்ட்ரோல் எஸ். பெயரிடாத கோப்பு போய்விட்டால், ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் வழியாகச் சேமிக்காத கோப்புகளை மீட்கும் இடத்தில் முதலில் தேடிப் பாருங்கள்.