கேள்வி–பதில்: சர்வரின் பேண்ட்வித் கூட்டத்துக்கா, தனியாளுக்கா?

கேள்வி: பயனர்களின் கணினிகளும் ஒன்றுக்கொன்று கோப்புகளைக் கொடுத்து உதவும் இணையச் சேமிப்புச் சேவையில், அதிகம் பேர் கேட்கும் கோப்புக்கே சர்வரின் (சேவையின் மையக் கணினியின்) பேண்ட்வித்தை, அதாவது நொடிக்கு அது அனுப்பக்கூடிய தரவின் அளவை, அதிகமாக ஒதுக்குவதுதானே நியாயம்?

பதில்: பார்வைக்கு நியாயமாகத் தோன்றினாலும், கணக்குப் போட்டால் விடை வேறாக வருகிறது. இத்தகைய சேவையில் பதிவிறக்க வருபவர், தமக்குக் கிடைத்த கோப்பின் துண்டுகளை உடனே மற்றவர்களுக்கும் அனுப்பத் தொடங்கிவிடுவதால், கேட்பவர்கள் பெருகப் பெருகக் கொடுப்பவர்களும் பெருகுகிறார்கள்.

சர்வரால் நொடிக்கு 100 மெகாபிட் அனுப்ப முடியும் என்று கொள்வோம். ஒரு கோப்பை 100 பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்றக்கூடியவர். இன்னொரு கோப்பை ஒரே ஒருவர் கேட்கிறார். அது வேறு எவரிடமும் இல்லை. அவருடைய இணைப்பு நொடிக்கு 40 மெகாபிட் வரை இறக்கும். இரண்டு கோப்புகளும் ஒரு ஜிகாபைட், அதாவது 8,000 மெகாபிட் அளவுள்ளவை. ஒதுக்கிய பங்கு இடையில் மாறாது என்றும் கொள்வோம். தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டால், தனியாள் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்; கூட்டத்தினருக்கோ, தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் 1,000 மெகாபிட்டும் சேர்வதால், சுமார் 728 நொடிகளில் வேலை முடிந்துவிடும். மாறாக, தனியாளுக்கு 40 மெகாபிட் ஒதுக்கி மீதி 60ஐக் கூட்டத்துக்குக் கொடுத்தால், அவருக்கு 200 நொடிகள், கூட்டத்தினருக்கு 755 நொடிகள். அந்த 27 நொடித் தாமதத்தை எவரும் கவனிக்கப் போவதில்லை.

இதையே கண்ணை மூடிக்கொண்டு விதியாக்கிவிடவும் கூடாது. புதிதாக ஏற்றப்பட்ட கோப்பை எத்தனை பேர் கேட்டாலும், அதன் ஒரு முழுப்படியாவது சர்வரிலிருந்து வெளியேறும்வரை கூட்டத்தினரால் அதைத் தங்களுக்குள் முழுமையாக்கிக்கொள்ள இயலாது. ஆகவே தொடக்கத்தில் தாராளமாகக் கொடுத்து, துண்டுகள் பரவியபின் குறைப்பதே சரி. பலரிடம் ஏற்கெனவே உள்ள துண்டைச் சர்வர் மறுபடி அனுப்புவது வீண் என்பதால், பயனர்கள் கோப்புத் துண்டுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் பிட்டோரன்ட் நெறிமுறையில் உள்ளதுபோல, அரிதாக இருப்பதை முதலில் பரப்பும் முறை இங்கும் பொருந்தும். மேலும், தலைகளை எண்ணுவதைவிட அவர்களின் பதிவேற்றத் திறனை அளப்பதே முக்கியம்: பதிவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகம் மிகக் குறைவான வீட்டு இணைப்புகளும், வெளியிலிருந்து எளிதில் எட்ட முடியாத கணினிகளும் ஏராளம்.

கேள்வி: இப்படிப் பயனர்களின் கணினிகளை நம்பித் தொடங்கிய சேமிப்புச் சேவை ஏதேனும் நிலைத்ததா?

பதில்: நிலைக்காமல் போனதற்குச் சுவிட்சர்லாந்தின் வுவாலா என்ற இணையச் சேமிப்புச் சேவை நல்ல எடுத்துக்காட்டு. பயனர் தம் கணினியில் 100 ஜிகாபைட் இடம் கொடுத்து, 70 விழுக்காடு நேரம் இணைப்பில் இருந்தால், அவருக்கு 70 ஜிகாபைட் இணையச் சேமிப்பிடம் கிடைத்தது. 2011இல் இந்தப் பண்டமாற்று கைவிடப்பட்டது. 2015இல் சேவையே மூடப்பட்டது. என் கணிப்பில், தனிநபர் சேமிப்பில் பெரும்பாலான கோப்புகளைக் கேட்பவர் அவற்றின் உரிமையாளர் ஒருவரே என்பதால், மேலே சொன்ன கூட்டத்தின் ஆதாயம் அங்கே கிட்டுவது அரிது. பலரும் ஒரே கோப்பை நாடும் விநியோகச் சேவைகளுக்கே இம்முறை பொருத்தமானது.