'கார்' என்றே எழுதுங்கள்: நடிகை டெபரா கார் பற்றிய கேள்வி–பதில்

ஸ்காட்லாந்தில் பிறந்து, பிரிட்டிஷ் திரையில் வளர்ந்து, ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்து, கடைசியில் தொலைக்காட்சியில் முதிய வேடங்களோடு விடைபெற்ற டெபரா கார் (1921–2007) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். படங்கள், மேடை, தொலைக்காட்சி ஆகியவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் யாரோடு பழகினார் என்பது என் துறை அன்று. அவருடைய புகைப்படத்தின் கீழ் ஒட்டப்பட்டு இணையத்தில் திரியும் பொன்மொழிகளைக் கொண்டுவந்து உண்மையா என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை: எந்த ஆண்டு, எந்தப் பேட்டி என்ற விவரம் இல்லாத மேற்கோளை நான் தொடமாட்டேன்.

கேள்வி: 'டெபோரா கெர்' என்றுதானே இதுவரை படித்திருக்கிறோம்? 'கார்' என்றால் மோட்டார் வண்டி அல்லவா நினைவுக்கு வருகிறது?

பதில்: வண்டி நினைவுக்கு வந்தாலும் பாதகமில்லை, 'கார்' என்பதே சரி. இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 1947இல் எம்.ஜி.எம். நிறுவனம் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துச் சென்றபோது, அமெரிக்கர்கள் அந்தப் பெயரைக் 'கர்' என்று உச்சரித்துவிடுவார்களோ, அது தெருநாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகக் காதில் விழுமோ என்று அஞ்சி, 'ஸ்டார்' என்ற சொல்லோடு இயைபு கொள்ளும் பெயர் இது என்று விளம்பரங்களிலேயே அச்சிட்டது. எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்க்கும் பழக்கத்தால் தமிழில் 'கெர்' நிலைத்துவிட்டது.

கேள்வி: அவர் பேச்சில் ஸ்காட்லாந்தின் வாடையே இல்லையே. அவரை ஸ்காட்லாந்து நடிகை என்று சொல்வது பொருந்துமா?

பதில்: நியாயமான கேள்வி. 1921 செப்டம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் பிறந்தார். முதல் மூன்று ஆண்டுகள் கிளைட் நதிமுகத்தில் உள்ள ஹெலன்ஸ்பரோவில் வளர்ந்தார். அதன்பின் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்துவிட்டது. தந்தை முதல் உலகப் போரில் சொம் களத்தில் ஒரு காலை இழந்தவர். பிரிஸ்டலில் படித்து, பாலே நடனம் பயின்று, 1938இல் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கின் நடனக் குழுவில் ஒருவராக மேடையேறிய பெண்ணுக்குத் தென் இங்கிலாந்தின் பேச்சு படிந்ததில் வியப்பில்லை. பிறந்த மண்ணை வைத்துப் பார்த்தால் ஸ்காட்லாந்துக்காரர், பேச்சை வைத்துப் பார்த்தால் ஆங்கிலேயர். ஹாலிவுட் அவருக்கு ஒட்டிய 'ஆங்கிலச் சீமாட்டி' என்ற முத்திரையும் அந்தப் பேச்சினால் வந்ததே.

கேள்வி: 'பிளாக் நார்சிஸஸ்' படத்தில் வரும் மலை உச்சி மடம் டார்ஜிலிங்கில் எந்த இடத்தில் இருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது, ஏனென்றால் அது எங்குமே இல்லை. மைக்கேல் பவல், எமரிக் பிரஸ்பர்கர் இருவரும் 1947இல் அளித்த அந்தப் படத்தின் ஒரு காட்சிகூட இந்தியாவில் எடுக்கப்படவில்லை. லண்டனை அடுத்த பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில், கதையில் மடமாக மாறும் அரண்மனையைக் கட்டினார்கள். சசெக்ஸ் மாவட்டத்தின் லியனார்ட்ஸ்லீ தோட்டத்தைப் பள்ளத்தாக்கின் காடாகக் காட்டினார்கள். பனிச் சிகரங்களும் அதலபாதாளமும் பெர்சி டே கண்ணாடியில் தீட்டிய ஓவியங்கள். தொலைவில் தெரியும் மலைத்தொடர்களோ, பெரிதாக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின்மேல் வண்ணச் சுண்ணக்கட்டியைப் பூசி உருவாக்கியவை. ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃபும் கலை இயக்குநர் ஆல்ஃபிரட் யுங்கும் இதற்காக ஆஸ்கர் பெற்றார்கள். நடிகர்களில் உண்மையிலேயே இந்தியாவிலிருந்து வந்தவர் மைசூர்ப் பகுதியில் பிறந்த சாபு.

இந்தச் செயற்கையை மறந்துவிட்டு டெபராவின் நடிப்பை எடைபோட முடியாது. சிஸ்டர் க்ளோடாவாக வரும் அவருக்கு முகமும் கைகளும் தவிர மற்றதெல்லாம் வெள்ளை அங்கிக்குள் மறைந்துபோக, சுற்றிலும் வண்ணங்கள் ஓலமிட, எதிரில் சக கன்னியாஸ்திரியாக வரும் கேத்லீன் பைரன் சிவப்புச் சாயம் பூசிய உதடுகளோடு வெறிகொண்டு நிற்க, இவர் இமைகளையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் மட்டும் கொண்டு மடத்தலைவியின் ஆணவத்தையும், அயர்லாந்தில் விட்டுவந்த காதலின் நினைவையும் நமக்குக் காட்டிவிடுகிறார். அந்த நினைவுக் காட்சிகளை அமெரிக்காவில் கத்தோலிக்க ஒழுக்கக் கண்காணிப்பு அமைப்பின் நெருக்குதலால் வெட்டிவிட்டார்கள். அவை இல்லாத பிரதியைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் வறட்சியாக இருக்கிறது என்று எவரேனும் சொன்னால், பார்த்த பிரதி எது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: கடற்கரை முத்தக் காட்சியைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: 'ஃப்ரம் ஹியர் டு இட்டர்னிட்டி', 1953, பர்ட் லங்காஸ்டரோடு, ஹவாயின் ஓவாஹு தீவில். சில நொடிகளே வரும் காட்சி. முதலில் ஜோன் கிராஃபோர்டுக்காக இருந்த வேடத்தில் சீமாட்டி முத்திரை குத்தப்பட்ட ஒருவரைப் போட்டது துணிச்சலான தேர்வு. அந்த அலையை விட, அதற்கு அடுத்து அவர் தன் திருமணத்தின் கதையை மணலில் அமர்ந்து சொல்லும் பகுதியே நடிப்பு.

கேள்வி: 'பிளாக் நார்சிஸஸ்' நேபாள எல்லையில் எடுக்கப்பட்டதாக என் நண்பர் உறுதியாகச் சொல்கிறாரே?

பதில்: இரண்டு கேள்விகளுக்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பதில்: 'தி லைஃப் அண்ட் டெத் ஆஃப் கர்னல் பிளிம்ப்', 1943. சர்ச்சில் தடுத்து நிறுத்த முயன்ற படம் அது. முதலில் தேர்வான நடிகை வெண்டி ஹில்லர் கருவுற்றிருந்ததால் வாய்ப்பு இருபத்தொரு வயதுகூட நிரம்பாத டெபராவுக்கு வந்தது. நாற்பது ஆண்டுகள் நீளும் கதையில், வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த மூன்று பெண்களாக வருகிறார்: பெர்லினில் வேலை செய்யும் ஆங்கில ஆசிரியை, போர்க்களச் செவிலி, இரண்டாம் உலகப் போரில் இராணுவ வண்டி ஓட்டும் பெண். முகம் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருக்க வேண்டும். ஏனென்றால் கதாநாயகன் வாழ்நாள் முழுவதும் தேடுவது அந்த முதல் முகத்தை. ஒப்பனையின் துணையைக் குறைவாகவே கொண்டு, நடையையும் பேச்சின் வேகத்தையும் மாற்றியே அவர் மூவராகிறார்.

கேள்வி (இசை ஆசிரியை ஒருவர்): 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் அவர் பாடவே இல்லை என்று அறிந்தபோது ஏமாற்றமடைந்தேன். மற்றொருவரின் குரலுக்கு வாயசைத்து கோல்டன் குளோப் விருது வாங்கியது முறையா?

பதில்: 1956இல் வந்த அந்தப் படத்தில், டெபரா ஏற்ற ஆசிரியை வேடமான ஆனாவின் உயர்ந்த சுரங்களைப் பாடியவர் மார்னி நிக்ஸன். வாயசைத்தார் என்று சொல்லிவிட்டுப் போவது இருவருக்கும் அநீதி. பாடல் ஒத்திகைகளில் இருவரும் அருகருகே நின்று உழைத்தார்கள். எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும், எந்தச் சொல்லில் முகம் எப்படி மாறும் என்பதைப் பார்த்து நிக்ஸன் பாடினார், நிக்ஸனின் கழுத்தும் தாடையும் இயங்குவதைப் பார்த்து டெபரா நடித்தார். ஒரு பாடலில் பேச்சாக வரும் வரிகள் டெபராவின் குரலிலும் பாட்டாக வரும் வரிகள் நிக்ஸனின் குரலிலும் ஒரே மூச்சில் பின்னப்பட்டன. அது படத்திலிருந்து நீக்கப்பட்டு இசைத்தட்டில் மட்டும் எஞ்சியது. நிறுவனமோ வெளியே சொல்லக் கூடாதென்று நிக்ஸனை மிரட்டி வைத்திருந்தது. அவர் பங்கை வெளிப்படையாகச் சொன்னவர் டெபராதான்.

கேள்வி (வேறொருவர்): பின்னணிப் பாடல் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிர்ச்சி? நம் நாட்டில் பாடகரின் பெயரைத் திரையிலேயே போடுகிறோம். ஹாலிவுட்காரர்கள் திருடர்கள் என்று நேராகச் சொல்லிவிடலாமே?

பதில்: அவ்வளவு அவசரம் வேண்டாம். 1949இல் வெளியான 'மஹல்' இந்திப் படத்தின் இசைத்தட்டில், லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற பாடலுக்கு அவர் பெயரை அச்சிடாமல் கதாபாத்திரத்தின் பெயரையே அச்சிட்டார்கள். இங்கும் பெயருக்காகப் பாடகர்கள் போராட வேண்டியிருந்தது. இங்கே அந்தப் போராட்டம் விரைவில் வென்றது, அங்கே நடிகை ஒரே குரலுக்குச் சொந்தக்காரி என்ற பாவனை நெடுநாள் விற்பனைக்குத் தேவைப்பட்டது. வேறுபாடு அவ்வளவே.

கேள்வி (முதலில் கேட்ட இசை ஆசிரியை): அப்படியானால் விருதில் பாதியாவது நிக்ஸனுக்கு உரியதல்லவா? பாடல்களை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் என்ன மிஞ்சும்?

பதில்: அம்மா, விருதை விட்டுவிடுங்கள், பெயர் என்றால் முழுமையாக உடன்படுகிறேன். திரையிலும் இசைத்தட்டிலும் நிக்ஸனின் பெயர் இல்லாதது பிழை, அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. பாடல்களை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டீர்கள். மன்னரின் தலைக்கு மேல் தன் தலை உயரக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டுத் தரையோடு தரையாகத் தாழ்ந்துகொண்டே, தன் மதிப்பை ஓர் அங்குலமும் தாழ்த்தாமல் ஒருத்தி, மன்னராக வரும் யுல் பிரின்னரை எதிர்கொள்ளும் காட்சி மிஞ்சும். நடனத்தில் அவர் இடையை மன்னர் பற்றும் முன் வரும் அந்த மௌனம் மிஞ்சும். விருது அதற்கே. இதற்கிடையில் ஒரு சிறு செய்தி: சியாம், அதாவது இன்றைய தாய்லாந்து, அரண்மனையில் பாடம் சொல்லி அந்தப் பாத்திரத்துக்கு மூலமான ஆனா லியனோவன்ஸ் உண்மையில் பிறந்தது அகமதுநகரில், தான் வேல்ஸில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டவர். தாய்லாந்தில் அந்தப் படத்திற்குத் தடை.

கேள்வி (மூன்றாமவர்): பாட்டு விவாதத்தைத் தொடர்கிறேன். 'ஆன் அஃபேர் டு ரிமெம்பர்' படத்தில் யார் பாடியது?

பதில்: அதிலும் நிக்ஸன்தான், 1957. அவர் முகத்தையும் பார்க்க விரும்பினால் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் கன்னியாஸ்திரிகளுள் ஒருவராக வருகிறார். பாட்டு விவாதம் இத்துடன் முடிந்தது. இதற்குமேல் வரும் கடிதங்களைப் படிப்பேன், பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: மடம் எடுக்கப்பட்ட இடம் சிம்லா என்று ஒரு காணொளியில்…

பதில்: பைன்வுட். பைன்வுட். பைன்வுட்.

கேள்வி: ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஆஸ்கர் கிடைக்காதது ஏன்?

பதில்: 'எட்வர்ட், மை சன்' தொடங்கி 'தி சன்டவுனர்ஸ்' வரை, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் சிறந்த நடிகைக்காக ஆறு பரிந்துரைகள். ஆட்ரி ஹெப்பர்ன், இங்ரிட் பெர்க்மன் போன்றவர்களிடம் தோற்றதில் வெட்கமில்லை. எனக்கு உறுத்துவது 1960 மட்டுமே. அந்த ஆண்டின் விருதை எலிசபெத் டெய்லர் பெற்றார். வாக்களிப்புக்குச் சற்று முன் அவர் நிமோனியாவால் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டிருந்தார், அனுதாபம் வாக்கானது. 'தி சன்டவுனர்ஸ்' படத்தில் டெபரா ஆஸ்திரேலிய ஆட்டிடையன் ஒருவனின் மனைவி. முகத்தில் ஒப்பனை இல்லை, நிற்கச் சொந்த வீடு இல்லை. இரயில் நிலையத்தில், வண்டிக்குள் அமர்ந்து முகத்துக்குப் பவுடர் போடும் நாகரிகப் பெண்ணைத் தூசி படிந்த கோலத்தில் இவர் பார்க்கிறார், அவளும் இவரைப் பார்க்கிறாள், வண்டி நகர்கிறது. ஒரு சொல் இல்லை. நியூயார்க் விமர்சகர்கள் தங்கள் விருதை இவருக்குக் கொடுத்தது சரியான தீர்ப்பு. அகாதமி 1994இல் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தது.

கேள்வி: அவருடைய இரண்டு திருமணங்களைப் பற்றி எழுதுவீர்களா?

பதில்: மாட்டேன்.

கேள்வி: 'தி இன்னொசென்ட்ஸ்' படத்தில் பேய்கள் உண்மையா, ஆசிரியையின் மனப்பிரமையா?

பதில்: ஜாக் கிளேட்டனின் 1961ஆம் ஆண்டுப் படம் விடை சொல்ல மறுப்பதனால்தான் வாழ்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வயதை. ஹென்றி ஜேம்ஸின் மூலக் கதையில் அந்த ஆசிரியை இருபது வயதுப் பெண். படப்பிடிப்பின்போது டெபரா நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். இளம்பெண்ணின் பதற்றமாக இருந்தது, ஆண்டாண்டாக அடக்கி வைத்த ஏக்கமாக மாறிவிடுகிறது. குழந்தைகள்மேல் அவர் காட்டும் அன்பே நம்மை அச்சுறுத்தத் தொடங்குகிறது. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ் ஒளிவடிப்பான்களின் ஓரங்களில் வண்ணம் பூசிச் சட்டகத்தின் இருபுறங்களையும் இருளில் ஆழ்த்தியதால், அகன்ற சினிமாஸ்கோப் திரையின் நடுவில் மெழுகுவத்தியோடு நிற்கும் அந்த முகம் ஒன்றே நமக்குப் பற்றுக்கோடு. அவர் நடித்தவற்றுள் மிகச் சிறந்தது இதுதான். இரவில், விளக்கணைத்துவிட்டு, கைபேசியில் அல்லாமல் பெரிய திரையில் பாருங்கள்.

கேள்வி: தொலைக்காட்சியில் என்ன செய்தார்?

பதில்: 1969க்குப் பின் திரைப்படங்களிலிருந்து விலகி மேடைக்குத் திரும்பினார். 1953இல் நியூயார்க்கில் 'டீ அண்ட் சிம்பதி' நாடகத்தின் வெற்றியை ஏற்கெனவே ருசித்தவர் அவர். எண்பதுகளில் தொலைக்காட்சி அவரைத் தேடிவந்தது. 1982இல் 'விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்' மறு ஆக்கத்தில் நோயாளி வழக்கறிஞரை அதட்டும் செவிலியாக வந்தார். 'எ வுமன் ஆஃப் சப்ஸ்டன்ஸ்' தொடரில் ஜென்னி சீக்ரோவ் இளவயது எம்மா ஹார்ட்டாகவும் இவர் முதிய எம்மாவாகவும் நடிக்க, 1985இல் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரை கிடைத்தது. அதே ஆண்டு 'ரீயூனியன் அட் ஃபேர்பரோ'வில், பழைய துணை ராபர்ட் மிட்சமோடு நான்காவது முறையாக இணைந்தார். தொடர்கள் சுமார், அவர் சுமார் அல்லர்.

கேள்வி: டெபோரா கெரின் கடைசித் திரைப்படம் 'தி அசாம் கார்டன்' என்று படித்தேன். அது அசாமில்தானே எடுக்கப்பட்டது?

பதில்: காரின். அசாமில் இல்லை, இங்கிலாந்தில். தேயிலைத் தோட்டக்காரர் ஒருவரின் விதவை, கணவர் இங்கிலாந்து மண்ணில் நட்டுவைத்த இந்தியச் செடிகளைக் காப்பாற்ற, மதுர் ஜாஃப்ரி நடித்த பக்கத்து வீட்டு இந்தியப் பெண்ணின் உதவியை நாடுகிறார். கதையே அங்குதான் நடக்கிறது.